ஒன்பதுக்கு மூன்றரை

1

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் தாரணி டொக்டர் இல்லை. மருத்துவபீடத்தில் படிக்கவும் இல்லை. ஒக்லாந்தில் இருக்கிற இன்னாரின் பிள்ளை மெடிசின் செய்கிறாளாம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், அந்தச் செய்தி எங்கள் வீட்டுத் தொலைபேசியிலிருந்துதான் புறப்பட்டது. ரொறன்ரோ, லண்டன், கொழும்பு என்று சுற்றி உங்களிடம் வந்து சேர்வதற்குள் அது கொஞ்சம் கொழுத்தும் போயிருக்கும்.

இப்போது இதை எழுத வைத்தது போன மாதம் ஒரு சனிக்கிழமை நடந்த சின்ன விஷயம். நான் நியூ லின்னில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். திரைச்சீலைத் துணி அளந்து வெட்டுவது என் பகுதி. சனிக்கிழமைகளில் வேலை முடிகிற நேரத்துக்குத் தாரணி காரோடு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவாள். அன்றும் வந்து, நான் கடைசித் துணியை வெட்டி முடிக்கும்வரை மேசையோரம் நின்றுகொண்டிருந்தாள்.

அப்போது புதிதாக இங்கே வந்து குடியேறிய ஒரு தமிழ்ப் பெண், இடுப்பில் குழந்தையோடு நேரே எங்களிடம் வந்தார். வந்ததும் வராததுமாகக் குழந்தையை என் வெட்டுமேசையில் இருத்திச் சட்டையை உயர்த்திவிட்டார்.

"தங்கச்சி, நீங்கள்தானே டொக்டருக்குப் படிக்கிறது? பிள்ளைக்கு முதுகெல்லாம் கொப்பளம் போட்டிருக்கு. ஒருக்காப் பாருங்கோவன்."

தாரணியின் முகம் செத்துப்போனது. "அக்கா, நான் டொக்டர் இல்லை. டொக்டருக்குப் படிக்கவும் இல்லை."

"சும்மா பகிடி விடாதேங்கோ. கோயிலிலை எல்லாரும் சொல்லுகினமே."

பூப்போட்ட துணியின் நடுவில் இருந்து குழந்தை எங்களைப் பார்த்துச் சிரித்தது. தாரணி அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து மருத்துவ நிலையம் எங்கே இருக்கிறது என்று சொல்லி, கடைத் தொலைபேசியிலேயே பேசி நேரமும் எடுத்துக்கொடுத்தாள். அந்தப் பெண் நன்றி சொல்லிப் போகும்போதும், "என்ன இருந்தாலும் டொக்டர்மாற்றை குணம் வேறைதான்" என்றார்.

லின்ஃபீல்டில் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

"அம்மா, அந்த ஃபோர்மை நான் அனுப்பப்போறேல்லை. ஐ ஆம் டன்."

அந்த ஃபோர்ம் எது, அதை அனுப்பாவிட்டால் என்ன போய்விடும் என்று உங்களுக்கு விளங்கவேண்டுமானால், நான் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

2

எங்கள் ஊரில் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது மார்க்ஸ் முன்னுக்கு வரும், பெயர் பிறகுதான் வரும். என் கணவரை எனக்குக் கலியாணம் பேசி வந்தபோது தரகர் சொன்ன முதல் வசனம், "மாப்பிள்ளை இரண்டு பி, இரண்டு சி. தரப்படுத்தல் வந்திராட்டி இண்டைக்கு டொக்டர்" என்பதுதான். வங்கியில் உத்தியோகம் என்பதைக் கடைசியில்தான் சொன்னார். ஆக, இவருடைய முகத்தைப் பார்க்க முன்னமே மார்க்ஸைப் பார்த்தவள் நான்.

அந்த மார்க்ஸுக்கு அந்த நாளில் இருந்த மதிப்பு அப்படி. ஒரு ஏ எடுத்தவனைப் பார்க்க அடுத்த ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். பி என்றாலே வீட்டில் பொங்கல்தான். இவர் சோதனை எழுதிய காலத்தில்தான் தரப்படுத்தல் என்று சொல்லி, தமிழில் எழுதியவர்களுக்குக் கூடுதல் புள்ளி வேண்டும் என்று வைத்தார்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் போதுமாயிருந்திருக்கும் மார்க்ஸ் இவருக்குப் போதாமல் போனது. அது நடந்த அநியாயம். அதை நான் ஒருநாளும் மறுக்கமாட்டேன்.

அந்த மனிதரின் கையில்தான், லின்ஃபீல்டுத் தபால்பெட்டியிலிருந்து எடுத்த மகளின் பல்கலைக்கழக முதல் வருடப் பெறுபேறு போய்ச் சேர்ந்தது. இரண்டு பி, மற்ற இரண்டும் சி. ஒரு சியின் பக்கத்தில் ஒரு சக (+) அடையாளம், ஒரு பியின் பக்கத்தில் ஒரு சய (-) அடையாளம்.

"சகவும் சயவும் ஒண்டையொண்டு வெட்டிப்போடும்," என்றார் இவர். "பாருமப்பா! அப்பிடியே என்ரை ரிசல்ட்ஸ்!"

அழுதுவிட்டார். அவர் அழுவதைப் பார்த்து நானும் அழுதேன். எங்கள் இரண்டு பேருக்கும் வேறு எந்த அளவுகோலும் தெரியாது. ஊரில் இந்த மார்க்ஸுக்கு என்ன பெறுமதியோ அதுதான் உலகம் முழுக்கவும் என்று நினைத்துக்கொண்டோம்.

தாரணி கதவு நிலையில் சாய்ந்து நின்று, "அப்பா, இட்ஸ் நொட் தட் குட்" என்றாள்.

"பிள்ளைக்கு அடக்கம்," என்றார் இவர் என்னைப் பார்த்து.

இங்கே மருத்துவத்துக்கு முதல் வருடப் பெறுபேற்றை வைத்து விண்ணப்பிக்கலாம். அவள் விண்ணப்பித்திருந்தாள். அவ்வளவுதான் நடந்திருந்தது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமையே கோயிலில் பொங்கல், வடை, பாயசம் எல்லாம் முடிந்துவிட்டன. இவர் ரொறன்ரோவில் இருக்கும் தன் தமையனுக்குத் தொலைபேசி எடுத்து, "பிள்ளைக்கு மெடிசின் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ" என்றார். பெரியண்ணர் அதை அப்படியே வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தாரணியோடு கதைக்கும்போதெல்லாம் "டொக்டர் பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார்.

3

இடம் கிடைக்கவில்லை. நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை.

இவர் அன்று முழுவதும் சமையலறைக்கும் முற்றத்துக்கும் நடந்தார். "இஞ்சையும் தரப்படுத்தல்!" என்றார். "ஏழு கடல் தாண்டி வந்தும் எங்களை விடுறாங்களில்லை."

மருத்துவபீட அலுவலகத்துக்குப் போய்க் கேட்கப்போகிறேன் என்றார். தாரணி வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். கேட்கிற நிலையில் அவர் இல்லை. குடிவரவு நேர்முகத்துக்கென்று வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். கோபத்தில் ஆங்கிலம் கதைத்தால் இவருடைய வினைச்சொல்லெல்லாம் எங்கேயோ ஓடி ஒளிந்துவிடும். யாராவது தேடிப் பிடிக்கவேண்டுமே.

அங்கே கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்ட ஒரு பெண்மணி இருந்தார். மிகவும் பண்பானவர். ஆனால் முதல் வசனத்திலேயே, உங்கள் மகள் வயது வந்தவள், அவளுடைய பெறுபேற்றைப் பற்றி உங்களோடு பேச எனக்கு அனுமதியில்லை என்றுவிட்டார்.

இவர் என் பக்கம் திரும்பினார். "என்ரை பிள்ளையைப் பற்றி என்னோடை கதைக்கேலாதாம்! கேட்டீரே?"

பிறகு, இங்கே தரப்படுத்தல் உண்டா என்று நேரடியாகவே கேட்டார். அந்தப் பெண்மணி சிரித்த முகத்தோடு, உண்டே, வினாத்தாள் கடினமாக இருந்தால் புள்ளியைக் கொஞ்சம் கூட்டிச் சரிப்படுத்துவோம் என்றார். கூட்டுவார்கள் என்பது இவரது காதில் விழவேயில்லை. உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டாள் பார் என்று ஒரு பார்வை பார்த்தார்.

"சரி, ஒரு பேச்சுக்கு," என்று தொடங்கினார். ஒரு பேச்சுக்கு ஒரு மாணவிக்கு இரண்டு பியும் இரண்டு சியுமாக இருந்தால்?

அந்தப் பெண்மணி ஒரு வெறுந்தாளை எடுத்தார். மேலே ஏ, அதன் பக்கத்தில் சக அடையாளம். அதற்கு எதிரே ஒன்பது. அப்படியே ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். பி என்றால் ஐந்து. சி என்றால் இரண்டு. இதையெல்லாம் கூட்டிச் சராசரி எடுப்போம், மருத்துவத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மேலேதான் நிற்பார்கள் என்றார். அவர் கணக்குப்போட முதலே இவர் மனத்தால் போட்டு முடித்துவிட்டார். எத்தனை வருடம் வங்கியில் இருந்த மனிதர்.

ஒன்பதுக்கு மூன்றரை.

அந்தப் பெண்மணி இன்னும் கொஞ்சம் சொன்னார். இதோடு கதவு மூடியதாக நினைக்கவேண்டாம். பட்டம் முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். பிந்திய வருடங்களில் எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம். முதலில் விழுந்தவர்கள் பிறகு எழும்பியிருக்கிறார்களா என்பதும் எங்களுக்கு முக்கியம். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் ஒரு சொல் விடாமல் கேட்டு, வீட்டுக்குப் போய் மகளிடம் ஒப்புவித்தேன்.

திரும்பி வரும்போது டொமினியன் வீதி முழுக்கச் சிவப்பு விளக்கு. ஒரு விளக்கில் நின்றபோது இவர் மெல்லச் சொன்னார்.

"அப்ப எனக்கும் மூண்டரைதான்."

இத்தனை காலமும் தலைநிமிர்ந்து நடக்க இவருக்கு இருந்த ஒரே பிடி அந்த இரண்டு பியும் இரண்டு சியும்.

"விசர்க்கதை கதையாதேங்கோ," என்றேன். "அங்கை உங்களுக்கு நடந்தது அநியாயம். இஞ்சை பிள்ளைக்கு மார்க்ஸ் காணாது. அது வேறை, இது வேறை."

இதை அவர் ரொறன்ரோவுக்குச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் என்று போய், சொல்லாமலே வருடங்கள் ஓடின. பெரியண்ணருடைய கணக்கில் தாரணி இந்த வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் நடந்துகொண்டிருக்கிறாள்.

4

தாரணியின் இரண்டாம் வருடம் முதல் வருடத்தையும் விட மோசம். அந்த நாட்களில் அவள் அறைக்கதவு பூட்டியே இருக்கும். தட்டினால் "வாட்?" என்று ஒரு குரல் வரும். சாப்பிட வா என்றால் "லேற்றர்." நான் தமிழில் ஒரு பக்கம் கதைத்தால் அவள் ஆங்கிலத்தில் ஒரு சொல் திருப்பித் தருவாள். வீட்டுக்குள்ளேயே பிள்ளை வேறு நாட்டுக்குப் போய்விட்டாள் என்று எனக்குப் படும்.

மூன்றாம் வருடம்தான் மாறினாள். என்ன மாறியது என்று பிறகு அவளே சொன்னாள். விளங்காததைப் போய்க் கேட்கத் தொடங்கினாளாம். இதென்ன பெரிய விஷயம் என்று நினைப்பீர்கள். எங்கள் வளர்ப்பில் வாத்தியாரிடம் கேள்வி கேட்பது என்றால், எனக்கு ஒன்றும் தெரியாது என்று வகுப்பு முழுவதற்கும் பறை அடிப்பதுபோல. விளங்கினவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இருப்பதும், வீட்டில் போய்த் தனியே மாரடிப்பதும்தான் எங்கள் முறை. அந்த முறையை நான்தான் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் ஒரு விரிவுரையாளரின் கதவைத் தட்டி, எனக்கு இது தொடக்கத்திலிருந்தே விளங்கவில்லை என்று சொல்லிவிட்டாளாம். அவர் தேநீர் ஊற்றிக்கொடுத்துத் தொடக்கத்திலிருந்தே சொல்லிக்கொடுத்தாராம்.

அதற்குப் பிறகு பி-க்கு மேலே ஏறினாள். பட்டம் முடித்து, உடற்றொழிலியலில் மேற்படிப்பு ஒரு வருடம் செய்கிறாள். இந்த வருடம் வந்ததெல்லாம் ஏ. அந்தத் தைரியத்தில்தான், நாங்கள் யாரும் சொல்லாமல், தானே போய்ப் பட்டதாரிகளுக்கான விண்ணப்பத்தை எடுத்து வந்தாள்.

அதில் ஒரு கேள்வி. ஆரம்ப வருடப் பெறுபேறுகள் குறைவாக இருந்தால் காரணத்தை விளக்குக.

"சண்டையை எழுது," என்றார் இவர் உடனே. "பொம்பர் அடிச்சது, பங்கருக்குள்ளை இருந்து படிச்சது, எல்லாம் விட்டிட்டு ஓடி வந்தது. ஒரு பக்கம் காணாது, நான் சொல்லுறன், நீ எழுது."

அவரைக் குறை சொல்லமாட்டேன். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து நாங்கள் நிரப்பிய பத்திரங்களிலெல்லாம் ஏன் என்று கேட்ட இடத்தில் சண்டை என்றுதான் எழுதினோம். அது உண்மையும்கூட. கை பழகிவிட்டது.

தாரணி பேனையை வைத்துவிட்டாள். "அப்பா, நான் ஃபர்ஸ்ட் இயர் லின்ஃபீல்டிலை இருந்தனான். லின்ஃபீல்டிலை ஆர் குண்டு போட்டது?"

"அதுக்காக நடந்தது பொய்யே?"

"நடந்தது உண்மை. ஆனா அதாலை எனக்கு சி வரேல்லை. விளங்காததைக் கேக்கப் பயந்து இருந்தன். அதாலைதான் வந்தது. அதைத்தான் எழுதுவன்."

அதைத்தான் எழுதினாள். வாசித்துப் பார்த்தேன். சுற்றிவளைக்காமல், அழாமல், நாலைந்து வசனம். என் பிள்ளை இப்படி எழுதுவாள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பெருமையாக இருந்தது.

கையெழுத்துப் போட்டு மடித்து உறையில் வைத்ததும் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் அந்தக் கொப்பளக் குழந்தை என் வெட்டுமேசையில் வந்து இருந்தது.

அன்று மாலை மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில். புட்டு ஆறிக்கொண்டிருந்தது. இவர்தான் தொடங்கினார்.

"ஆரோ ஒரு மனிசி கேட்டதுக்கு நீ ஏன் உன்ரை படிப்பை விடுறாய்?"

"ஆரோ இல்லை அப்பா, எல்லாரும். நான் ஒருநாளும் தொடங்காத ஒண்டை நான் படிக்கிறன் எண்டு எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கினம். பெரியப்பா ஃபோனிலை டொக்டர் பிள்ளை எண்டு கூப்பிடேக்கை ஃபோனை வைச்சிட்டு ஓடலாம் போலை இருக்கும். செக்கண்ட் இயர் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துத் தெரியாது, கோயில் பொங்கல்தான் தெரியும்."

இவ்வளவையும் தமிழில் சொன்னாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து இவ்வளவு தமிழ் ஒன்றாக வந்தது. தடக்கித் தடக்கி வந்தாலும், ஒவ்வொன்றும் போய்க் குத்தவேண்டிய இடத்தில் குத்தியது.

"இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"பெரியப்பாவுக்கு உண்மையைச் சொல்லுங்கோ. சொன்னால் அனுப்புறன். சொல்லாட்டி அனுப்பமாட்டன். திரும்பவும் ஒரு பொய்க்கு மேலை ஏறி நிக்க என்னாலை ஏலாது."

விண்ணப்ப முடிவு நாளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. இவர் எழும்பிப் போய்க் கை கழுவினார். புட்டு அப்படியே கிடந்தது.

5

அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் தொலைபேசியும் ஒரு குடும்ப உறுப்பினர் மாதிரி இருந்தது. எல்லோரும் அதைச் சுற்றிப் போனோம். திங்களன்று, இப்ப அங்கே அவர்கள் நித்திரை என்றார். செவ்வாயன்று, அண்ணருக்குப் பிறஷர், இதைக் கேட்டு ஏதும் ஆகிவிட்டால் என்றார். புதனன்று தொலைபேசி அட்டை முடிந்துவிட்டது என்றார். புது அட்டையை நான் வாங்கி வந்து மேசையில் வைத்தேன். வியாழனும் வெள்ளியும் தொலைபேசிப் பக்கமே போகவில்லை. தாரணியும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் உண்மையாகவே விட்டுவிடுவாள் என்று அப்போதுதான் விளங்கியது. இவருக்கும் விளங்கியிருக்கவேண்டும்.

அந்தச் சனிக்கிழமை லீவு எடுத்து, காலையில் வீட்டில் இருந்தேன். தேநீரோடு வந்து பார்த்தால், இவர் தலை வாரி இழுத்து, ஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கீழே வீட்டில் கட்டுகிற சாரம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் இலக்கங்களை அழுத்தினார்.

"அண்ணை, நான்தான். ஓம், எல்லாரும் சுகம். அண்ணை, ஒரு விஷயம். தாரணி மெடிசின் படிக்கேல்லை."

தாரணியின் அறைக்கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"இல்லையண்ணை, இடையிலை விடேல்லை. அவ தொடங்கவே இல்லை. கிடைக்கேல்லை. பிழை பிள்ளையிலை இல்லை, நான்தான் ரிசல்ட்ஸைப் பிழையா விளங்கினது. இஞ்சை பி எண்டால் எங்கடை பி இல்லை. ஒன்பதிலையிருந்துதான் கீழை எண்ணுறது. முதல் வருஷம் பிள்ளைக்கு மூண்டரை."

பிறகு, அந்த அலுவலகத்துப் பெண்மணி விளக்கியதையெல்லாம் ஒவ்வொரு படியாக இறங்கி இறங்கி அண்ணருக்கு விளக்கினார். அன்றைக்குச் சுவரைப் பார்த்தபடி இருந்த மனிதர் எல்லாவற்றையும் கேட்டுத்தான் இருந்திருக்கிறார். பட்டதாரிகள் திரும்பப் போடலாம் என்பதையும், விழுந்து எழும்புகிறவர்களைப் பார்ப்பார்கள் என்பதையும்கூட விடவில்லை.

பிறகு பெரியண்ணரின் குரல், தூரத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"அப்ப இந்த முறை கிடைக்குமோ?"

மார்க்ஸ் விஷயத்தில் இவர் வாயிலிருந்து அடுத்து வந்த சொல்லை அதுவரை நான் கேட்டதில்லை.

"தெரியாது, அண்ணை. கிடைக்கவும் கூடும், கிடைக்காமல் விடவும் கூடும். கிடைச்சால் சந்தோசம். கிடைக்காட்டியும் என்ரை பிள்ளை என்ரை பிள்ளைதான். இனி ஆருக்கும் நான் மறைக்கமாட்டன். நீங்களும் கேக்கிறவைக்கு இதையே சொல்லுங்கோ."

தாரணி கூடத்துக்கு வந்து கையை நீட்டினாள். இவர் தொலைபேசியைக் கொடுத்தார்.

"பெரியப்பா, நான் தாரணி. ஓம், டொக்டர் இல்லை. இல்லை, அழேல்லை. தடிமன். ஓம், போடுறன். பை, பெரியப்பா."

வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். உள்ளே போய் உறையோடு வந்தாள்.

"அப்பா, காரை எடுங்கோ. சனிக்கிழமை தபால் கந்தோர் மத்தியானத்தோடை பூட்டிடும்."

இவர் எழும்பினார். இந்த நாட்டுக்காரர் வெறுங்காலோடு கடைத்தெருவுக்குப் போவதைக் கண்டால் இன்றைக்கும் முகத்தைச் சுளிக்கிற மனிதர். ஸ்திரி போட்ட சட்டையும் சாரமுமாக, செருப்பைத் தேடாமல், மகளுக்கு முன்னால் ஓடிப்போய்க் காரைக் கிளப்பினார்.